சிங்கப்பூர் ராகு காலத்துக்கு ஒரு குட்டி இணையத்தளம்: ஆக்டேவ் வைத்துக் கட்டுவது எப்படி?

அத்தை வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்குவது ஊரிலிருந்து வரும் தினசரி காலண்டர். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் மச்சானின் புது பிடிஓ வீட்டில் (அரசு அடுக்குமாடி வீடு) பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை. அத்தை காலண்டரைப் பார்த்தார்: ராகு காலம் 7.30 முதல் 9.00 வரை. "ஒன்பதேகாலுக்கு அடுப்பப் பத்த வைக்கலாம்" என்றவர், கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "மாப்ள, இந்த ஊர்ல விடியறதே ஏழு மணிக்கு. ராகு மட்டும் எப்படி ஏழரைக்கே வந்து நிக்கிறான்?"

கேள்வியில் ஒரு குறையும் இல்லை. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கு என்று எடுப்பதுதான் ராகு காலம். காலண்டரில் அச்சாகி வரும் நேரம், ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துப் போட்ட பொதுக் கணக்கு. சென்னைக்கு அது ஓரளவு பொருந்தும். சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம்போலத் தள்ளிப்போகும். அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை இங்கே ராகு காலம் 8.48க்குத் தொடங்கி 10.18க்கு முடிகிறது. ராகுவிடமிருந்து தப்பிக்க அத்தை குறித்த ஒன்பதேகால், ராகு காலத்துக்கு உள்ளேயே இருந்தது.

பால் பத்தரைக்குக் காய்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் எனக்கு வாட்ஸ்அப் வர ஆரம்பித்தது. அதனால்தான் இந்தத் தளம். பதின்மூன்று பக்கம், செலவு பூஜ்யம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இணையத்தளம் கட்டிப் பழகாதவர்களும் பின்பற்றும்படி எழுதுகிறேன்.

ஒரு சொல் முன்கூட்டியே: கட்டளைகளின் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, நடுவில் இடைவெளி இல்லாமல்.

எந்த மென்பொருள்?

கணித மென்பொருள் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மேட்லேப். காசு கட்ட வேண்டும். அதன் மொழியைப் பெரும்பாலும் அப்படியே புரிந்துகொள்ளும் இலவச மென்பொருள் குனூ ஆக்டேவ். ஜான் ஈட்டன் 1992ல் எழுதத் தொடங்கியது. பெயருக்கும் சங்கீதத்துக்கும் சம்பந்தமில்லை. ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற வேதிப் பொறியியல் பேராசிரியரின் பெயர் அது. கடித உறையின் பின்பக்கத்தில் சட்டென்று கணக்குப் போட்டுக் காட்டுவதில் பேர்போனவர். நம் வேலையும் அந்த வகைதான்.

மேத்தமெட்டிக்கா என்ற இன்னொரு கணித மென்பொருளை வைத்திருப்பவர்கள் "கிளவுட்டிப்ளாய் என்று ஒரு கட்டளை கொடுத்தால் கணக்கே வலைப்பக்கமாகிவிடுமே" என்பார்கள். உண்மை. படிவம் வைத்து, பயனர் தரும் எண்ணுக்கு அங்கேயே விடை கணக்கிட்டுக் கொடுக்கும். ஆனால் யாராவது பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் சர்வர் கணக்குப் போட வேண்டும்; நாம் எடுத்திருக்கும் திட்டத்தைப் பொறுத்து அதற்கு வரம்பும் உண்டு. நமக்குத் தேவை வருஷத்துக்கு 365 விடை, அத்தனையும் இன்றைக்கே தெரிந்துவிடும். கணக்கை வீட்டில் முடித்துவிட்டு விடையை மட்டும் இணையத்தில் ஏற்றினால் போதும். இப்படிச் செய்த தளம் மெதுவாகாது, பழுதாகாது, பராமரிப்பும் கேட்காது.

ஆக்டேவை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். பிள்ளையோடு சேர்ந்து செய்கிறீர்கள், அவன் கையில் இருப்பது பள்ளிக்கூடத்துக் குரோம்புக் என்றால் எதையும் நிறுவ விடாது. ஆக்டேவ் ஆன்லைன் என்ற உலாவி வடிவத்தில் கணக்குப் பகுதியை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம்.

கணக்கு

இதுதான் வேலையின் பாதி. நிதானமாகப் பாருங்கள்.

சிங்கப்பூர் இருப்பது வடக்கே 1.35 பாகை, கிழக்கே 103.82 பாகை. நம் கடிகாரமோ 120 பாகைக்கு உரியது. சூரியன் ஒரு பாகையைக் கடக்க 4 நிமிடம். ஆக, 16.18 × 4 = 64.7 நிமிடம். நம் கடிகாரம் சூரியனை விட எப்போதும் இவ்வளவு முந்தி ஓடுகிறது. சென்னைக்கு இதே வித்தியாசம் சுமார் 9 நிமிடந்தான். இங்கேயும் 1982 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் இவ்வளவு மோசமில்லை; அன்றுதான் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். பழைய ஆட்கள் "அப்பல்லாம் ஆறரைக்கே வெளிச்சம் வந்துடும்" என்று சொன்னால் அது வெறும் ஏக்கப் பேச்சு இல்லை.

இனி நாளுக்கு நாள் மாறும் பகுதி. ஜனவரி 1ஐ 1 என்று எண்ணி, நாள் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோணம் = 360 × (நாள் எண் − 81) ÷ 365

வித்தியாசம் = 9.87 × சைன்(2 × கோணம்) − 7.53 × காஸ்(கோணம்) − 1.5 × சைன்(கோணம்)

சாய்வு = 23.45 × சைன்(கோணம்)

வித்தியாசம் என்பது நிமிடத்தில் வரும். பூமியின் பாதை முழு வட்டமில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியக் கடிகாரம் சில மாதம் முந்தும், சில மாதம் பிந்தும். அந்தக் கணக்கு இது. சாய்வு, சூரியன் அன்று நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பது. சூரியன் தலைக்கு நேர் வரும் நேரம்:

உச்சி = பகல் 12 மணி + 64.7 நிமிடம் − வித்தியாசம்

கடைசியாக அரைப்பகல், அதாவது உதயத்துக்கும் உச்சிக்கும் இடையே உள்ள கோணம்:

காஸ்(அரைப்பகல்) = [சைன்(−0.833) − சைன்(1.35) × சைன்(சாய்வு)] ÷ [காஸ்(1.35) × காஸ்(சாய்வு)]

இதிலிருந்து ஏகாஸ் கட்டளையால் அரைப்பகலை எடுத்து, 15ஆல் வகுத்தால் மணி. உச்சியிலிருந்து கழித்தால் உதயம், கூட்டினால் அஸ்தமனம்.

ஆக்டேவில் எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. வெறும் சைன், காஸ் என்று கொடுத்தால் அது பாகையில் இல்லாமல் ரேடியன் என்ற வேறு கோண அளவில் எடுத்துக்கொள்ளும். விடியற்காலை நள்ளிரவுக்குப் போய்விடும். சைன், காஸ், ஏகாஸ் ஒவ்வொன்றின் கடைசியிலும் டி என்ற எழுத்தைச் சேர்த்த வடிவம் உண்டு. அதுதான் பாகைக்கு.

எண் போட்டே பார்ப்போம். பிப்ரவரி 11, நாள் எண் 42. கோணம் −38.47. வித்தியாசம் −14.6 நிமிடம். உச்சி 12 மணி + 64.7 + 14.6, அதாவது 1.19. சாய்வு −14.6 பாகை. அரைப்பகல் 90.51 பாகை, அதாவது 6 மணி 2 நிமிடம். உதயம் காலை 7.17, அஸ்தமனம் மாலை 7.21. உங்கள் ஆக்டேவும் இதையே சொன்னால் அடுத்ததற்குப் போகலாம். நவம்பர் 3க்கும் (நாள் எண் 307) ஒருமுறை போட்டுப் பாருங்கள்: உதயம் 6.46, அஸ்தமனம் 6.50 வர வேண்டும்.

இங்கே நின்று கொஞ்சம் ரசிக்கலாம். வருஷம் முழுக்கச் சிங்கப்பூரில் பகலின் நீளம் மாறுவது ஒன்பது நிமிடம்போலத்தான். ஆனால் உதய நேரம் அரை மணி நேரம் ஆடுகிறது. ஊரில் பருவகாலம் செய்யும் வேலையை இங்கே அந்த "வித்தியாசம்" என்ற ஒரே சூத்திரம் செய்துகொண்டிருக்கிறது. இது எனக்கு முப்பது வருஷமாகத் தெரியாது. ஜனவரி, பிப்ரவரியில் பிள்ளைகளைப் பள்ளி பேருந்தில் ஏற்றும்போது ஏன் அவ்வளவு இருட்டு என்று அன்றுதான் புரிந்தது.

0.833 எங்கிருந்து வந்தது? சூரிய வட்டத்தின் மேல் விளிம்பு தெரிவதையே உதயம் என்கிறோம். காற்று ஒளியை வளைப்பதையும் சேர்த்தால் சூரியனின் நடுப்புள்ளி அப்போது அடிவானத்துக்கு 0.833 பாகை கீழே இருக்கும். உங்கள் வீட்டு ஜோதிடர் நடுப்புள்ளியைத்தான் எடுப்பேன், காற்றுக் கணக்கு வேண்டாம் என்றால் 0.833க்குப் பதில் 0 போடுங்கள். உதயம் மூன்று நிமிடம்போலத் தள்ளிப்போகும். இதில் வாதம் செய்து நான் ஜெயித்ததில்லை.

கிழமைப் பங்கு

ஆக்டேவின் வீக்டே கட்டளை ஞாயிறை 1 என்று தொடங்கி எண்ணும். அதே வரிசையில் மூன்று பட்டியல்:

ராகு: [8 2 7 5 6 4 3]

எமகண்டம்: [5 4 3 2 1 7 6]

குளிகை: [7 6 5 4 3 2 1]

திங்கள் என்றால் ராகு இரண்டாம் பங்கு. பிப்ரவரி 11ன் பகல் 12 மணி 4 நிமிடம், எட்டில் ஒரு பங்கு 90.5 நிமிடம். அந்த வாரத்துத் திங்கட்கிழமைக்கு, உதயம் 7.17க்கு மேல் ஒரு பங்கு தள்ளித் தொடங்கி 10.18ல் முடிகிறது. நாள் எண்ணைக் கையால் எண்ண வேண்டாம். டேட்நம் கட்டளையில் அன்றைய தேதிக்கு வரும் எண்ணிலிருந்து அந்த வருஷ ஜனவரி 1க்கு வரும் எண்ணைக் கழித்து 1 கூட்டினால் லீப் வருஷமும் சேர்ந்தே சரியாகிவிடும்.

இப்போது நான் அசிங்கப்பட்ட இடம். முதல் பதிப்பில் மணியைத் தனியாக எடுத்து, மிச்சத்தை அறுபதால் பெருக்கி, நிமிடத்தை முழு எண்ணாக்கினேன். 59.7 நிமிடம் 60 ஆனது. பக்கத்தில் "8.60" என்று வந்து நின்றது. அத்தை அதைப் படம்பிடித்து மகளிர் குழுவில் போட்டுவிட்டார். சரியான வழி: முதலில் மொத்தத்தையும் நிமிடமாக்கி முழு எண்ணாக்குங்கள், அப்புறம் அறுபதால் வகுத்து ஈவை மணியாகவும் மீதியை நிமிடமாகவும் எடுங்கள். இதை ஒரு தனி ஃபங்ஷனாக எழுதி எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுங்கள். காலை, பகல், மாலை என்ற சொல்லையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.

பக்கம் எழுதுவது

வலைப்பக்கம் என்பது எச்டிஎம்எல் என்ற குறிமொழியில் எழுதிய எழுத்துக் கோப்புதான். ஆக்டேவுக்குக் கோப்பு எழுதத் தெரியும். எஃப்ஓப்பன் திறக்கும், எஃப்பிரிண்ட்எஃப் எண்ணைக் கோத்து எழுதும், எஃப்புட்ஸ் கொடுத்ததை அப்படியே எழுதும், எஃப்குளோஸ் மூடும். மாதத்துக்கு ஒரு பக்கம், முகப்பு ஒன்று. 1 முதல் 12 வரை ஓடும் ஒரு சுற்று, அதற்குள் நாளுக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு நாளும் அட்டவணையில் ஒரு வரி: தேதி, கிழமை, உதயம், அஸ்தமனம், ராகு, எமகண்டம், குளிகை.

பக்கத்தின் தலைப்பகுதியில் இரண்டு வரி கட்டாயம். ஒன்று, எழுத்துக்குறி யூடிஎஃப்-8 என்ற அறிவிப்பு. அது இல்லாவிட்டால் சில உலாவிகளில் தமிழ் முழுக்கக் கொம்பும் தொப்பியும் வைத்த ரோமன் எழுத்தாக வந்து விழும். மற்றொன்று, கைத்தொலைபேசியின் அகலத்துக்குப் பக்கத்தைப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் வரி. அதை விட்டால் எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் எறும்பு அளவு எழுத்தைத்தான் பார்ப்பார்.

தமிழால் வரும் சிக்கல்கள் தனி. ஆக்டேவ் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. லெங்த் கட்டளையிடம் "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். மூன்று என்று நாம் நினைப்போம், அது 15 என்னும். புள்ளியும் இகரக் குறியும் சேர்த்து ஐந்து குறி, குறிக்கு மூன்று பைட். அதனால் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் வெட்டி எடுக்க முயன்றால் எழுத்தின் கால் கையில் வரும். இடைவெளி போட்டு நெடுவரிசையை நேராக்கவும் பார்க்காதீர்கள். அட்டவணைக் குறிகளிடம் விட்டுவிடுங்கள். மாதம், கிழமைப் பெயர்களை டேட்எஸ்டிஆர் கட்டளை ஆங்கிலத்தில்தான் தரும். "ஞாயிறு, திங்கள்" என்று நீங்களே ஒரு பட்டியலை நெளிவு அடைப்புக்குள் எழுதி, வீக்டே தரும் எண்ணால் எடுங்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஆக்டேவின் விருப்பத்தேர்வில், எடிட்டர் பகுதியில், எழுத்துக்குறியை யூடிஎஃப்-8 ஆக்கிவிட்டே தட்டத் தொடங்குங்கள்.

இன்னொன்று. அழகுபடுத்தும் பகுதியில் அகலம் 100% என்று எழுதுவோம். எஃப்பிரிண்ட்எஃப்புக்கு அந்தச் சதவீதக் குறி "இங்கே ஒரு எண்ணைப் போடு" என்பதற்கான சைகை. அடுத்து வரும் எண்ணை அங்கே விழுங்கிவிடும், அல்லது வரியைக் குதறிவிடும். ஒன்று சதவீதக் குறியை இரண்டு முறை போடுங்கள், அல்லது எண் தேவைப்படாத வரிகளுக்கெல்லாம் எஃப்புட்ஸ் பயன்படுத்துங்கள். நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன். என்ன, எஃப்புட்ஸ் கொடுக்கும்போது வரியை முறிக்கும் குறி இரட்டை மேற்கோளுக்குள் இருந்தால்தான் வேலை செய்யும்.

ஒவ்வொரு வரிக்கும் தேதி எண்ணை வைத்து ஓர் அடையாளம் கொடுங்கள். முகப்பில் இரண்டே வரி ஜாவாஸ்கிரிப்ட்: இன்றைய மாதத்துப் பக்கத்துக்குப் போ, இன்றைய தேதி வரியில் நில். இந்தத் தளத்தில் உலாவி செய்யும் வேலை அவ்வளவுதான். அதோடு பன்னிரண்டு மாதத்துக்கும் இணைப்பு வையுங்கள்; கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவர் இன்றைய தேதிக்கா வருவார்?

கிராஃப் வேண்டுமானால் ஒன்று போடலாம். 365 உதய நேரத்தையும் பிளாட் கட்டளையிடம் கொடுத்து, பிரிண்ட் கட்டளையால் பிஎன்ஜி படமாக்கி முகப்பில் வையுங்கள். இரண்டு மேடு, இரண்டு பள்ளம் உள்ள ஒரு கோடு வரும். படத்துக்குள் தமிழ் எழுத்து போட நான் மெனக்கெட்டு, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக நின்றதைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். படத்தில் எண் மட்டும் இருக்கட்டும், விளக்கம் படத்துக்குக் கீழே பக்கத்திலேயே வரட்டும்.

சரிபார்ப்பு

ஏற்றுவதற்கு முன், சிங்கப்பூர் வானிலைத் தகவல்களோடு வெளியாகும் உதய, அஸ்தமன நேரத்தோடு மாதத்துக்கு இரண்டு தேதி ஒப்பிடுங்கள். நம் சூத்திரம் தோராயமானது. ஒரு நிமிடம் முன்பின் இருக்கலாம். ஐந்து நிமிடம் வித்தியாசம் என்றால் எங்கோ தவறு, பெரும்பாலும் வித்தியாசத்தைக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருப்பீர்கள். கிழமையையும் கையிலுள்ள காலண்டரோடு பாருங்கள். கிழமை ஒன்று தள்ளினால் ராகு எங்கேயோ போய்விடும், ஆனால் பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

ஏற்றுவது

கிட்ஹப் பேஜஸ், இணையத்தளத்தை வைக்க இடம் தரும் சேவை, இலவசம். கணக்குத் தொடங்கி, பொதுவில் தெரியும் ஒரு களஞ்சியம் உருவாக்கி, உலாவியிலேயே கோப்புகளை இழுத்துப் போடுங்கள். அமைப்புப் பகுதியில் பேஜஸ் என்பதைத் தேடி, எந்தக் கிளையிலிருந்து வெளியிட வேண்டும் என்பதில் மெயின் என்று கொடுத்துச் சேமித்தால், சில நிமிடத்தில் முகவரி கிடைக்கும். முகப்புக் கோப்பின் பெயர் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்றே இருக்க வேண்டும், எந்தக் கோப்புறைக்குள்ளும் இல்லாமல் மேல்மட்டத்தில்.

மடிக்கணினியில் திறக்கும் பக்கம் இணையத்தில் "காணவில்லை" என்றால் கோப்புப் பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று, அங்கே அப்படியில்லை. எல்லாப் பெயரையும் சிறிய எழுத்திலேயே வைத்துவிட்டால் தலைவலி இல்லை. முகப்பில், இது சிங்கப்பூர் உதயத்தை வைத்துப் போட்ட கணக்கு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எனக்கு ஜொகூர் பாருவிலிருந்தும் கேள்வி வந்தது. பக்கத்து ஊர்தான், ஒரு நிமிடங்கூட மாறாது. மதுரையிலிருந்து ஒருவர் பயன்படுத்தினால் விபரீதம்.

முகவரியைக் கியூஆர் குறியாக அச்சடித்து அத்தை வீட்டுக் காலண்டர் அட்டையில், முருகன் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். தேதி கிழிப்பது இப்போதும் அவர்தான். ராகு காலத்துக்கு மட்டும் தொலைபேசியைக் காட்டுகிறார். டிசம்பர் கடைசியில் ஸ்கிரிப்டின் முதல் வரியில் உள்ள வருஷத்தை மாற்றி, ஒருமுறை ஓட்டி, பதின்மூன்று கோப்பையும் படத்தையும் மறுபடி ஏற்ற வேண்டும். கியூஆர் அதேதான், ஊரிலிருந்து வரும் புதுக் காலண்டரில் மறுபடி ஒட்டத்தான் பசை வேண்டும்.